செய்து காட்டும் நாள்

ஜூன் 3

மதிப்பிற்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

மாடி வீட்டில் குடியிருப்பவள் வணக்கத்துடன் எழுதுவது. போன வாரம் மூன்று முறை உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் எடுத்தீர்கள். "சரி, சரி, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் சொன்னதில் நல்லது என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன்.

மகள் பிழைத்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் சளி கட்டி ஏழு வாரம் செயற்கை சுவாசத்தில் இருந்தாள் அல்லவா, அந்தக் குழாய் நாள்பட உள்ளே இருந்ததில் மூச்சுப் போகும் வழி தொண்டைக்குக் கீழே சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் இப்போது மூச்சு. காற்று குரல் இருக்கும் இடம்வரை ஏறுவதில்லை, ஆகவே சத்தம் வராது. அழுதால் கண்ணீர் மட்டும் வருகிறது. சுருங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கலாம், ஒரு வருடம்வரை ஆகலாம் என்கிறார் பெரிய டாக்டர்.

அதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு விதி. குழாயில் சேரும் சளியை மெஷின் வைத்து எடுக்கவும், குழாய் கழன்றால் மாற்றவும் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால்தான் அனுப்புவார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். நான் ஒருத்தி. மகளின் அப்பா கப்பலில் இருக்கிறார், டிசம்பருக்கு முன் கரையிறங்க மாட்டார். என் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்களிடம் மூன்று கேள்விகள். அவள் கட்டில் பக்கத்தில் மெஷினுக்கு ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளலாமா? மெஷின் இரையும், அது உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா? இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் நாங்கள் இந்த ஊரிலேயே, மருத்துவமனை நடத்தும் விடுதியில் தங்க வேண்டியிருக்கும். அப்படியானால் மாடியை வேறு யாருக்காவது விடுகிறீர்களா?

நீங்கள் 'சில்வண்டு' என்று பெயர் வைத்தவள் இப்போது சத்தமே போடுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மாடி வீட்டுப் பெண்


ஜூன் 8

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதியே வந்தது. மின்வேலைக்காரர் இரண்டு நாள் என்னை ஏமாற்றியதால் பதில் தாமதம்.

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். ஒன்று, பிளக் பாயின்ட் போட்டாகிவிட்டது. அந்த மனிதர் எதிர்ச் சுவரில் போட்டுவிட்டு ஒயரை நீட்டிக்கொள்ளலாம் என்றார். கழற்றச் சொல்லி, கட்டில் தலைமாட்டில் இரண்டு பாயின்ட்களாகப் போடவைத்தேன். ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டுமே. இரண்டு, மெஷின் சத்தம் எனக்குப் பொருட்டல்ல. மூன்று, மாடியை யாருக்கும் விடும் உத்தேசம் இல்லை.

தொலைபேசியில் விஷயம் பேசுவதை நான் விரும்புவதில்லை. எழுத்தில் இருந்தால் ஆதாரம் இருக்கும். முப்பத்து நான்கு வருடம் ஓர் அலுவலகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவளுக்கு இது பழக்கம்.

சில்வண்டு என்று பெயர் வைத்தது நான்தான். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மகள் கூடத்தில் ஓடினால் என் கட்டிலின் நான்கு கால்களும் எனக்குச் செய்தி சொல்லும். அப்போதெல்லாம் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டியிருக்கிறேன். அதற்கு வருத்தம் தெரிவிப்பதாக இல்லை. ஆனால் இரண்டு மாதமாக இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது என் கேள்வி. அந்த விதியின் சரியான வாசகம் என்ன? 'உறவினர்' என்று எழுதியிருக்கிறதா, 'பெரியவர்' என்று எழுதியிருக்கிறதா? யாரையும் விளக்கம் கேட்க வேண்டாம். வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பவும்.

கீழ் வீடு


ஜூன் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

வாசகம் இது: "குழந்தையுடன் ஒரே வீட்டிலோ கூப்பிடு தூரத்திலோ வசிக்கும், பயிற்சி முடித்த பெரியவர்கள் இருவர்." உறவு என்ற பேச்சே இல்லை.

பயிற்சி சிஸ்டர்தான் தாளை எடுத்து வாசித்தார். யார் கேட்டது என்றார். வீட்டுக்கார அம்மா என்றேன். "வீட்டுக்காரங்க ஆணி அடிக்கவே விடமாட்டாங்க. இவங்க விதியோட வாசகம் கேக்கறாங்களா?" என்று சிரித்தார். நீங்கள் எதற்காகக் கேட்டீர்கள் என்று எனக்கு ஊகம் இருக்கிறது. அதை எழுதப் பயமாக இருக்கிறது, எழுதாமல் விடவும் மனம் இல்லை.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் காலை பத்து மணிக்குப் பெற்றோர் வகுப்பு. வார்டின் ஓரத்திலேயே தாழ்வான ஒரு மேஜை, அதன்மேல் கழுத்தில் துளையுள்ள ஒரு ரப்பர் பொம்மை. எல்லாரும் விழுந்து விழுந்து கவனிப்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். என்னோடு ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். அத்தனை பெரிய வண்டியை ஓட்டுகிறவருக்கு மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டையைக் கட்டக் கை நடுங்குகிறது. முதல் நாள் சிஸ்டர் எல்லாம் விளக்கிவிட்டுப் புரிந்ததா என்றார். நாங்கள் எல்லாரும் சரி, சரி என்று தலையாட்டினோம். அதற்கு அவர் சொன்னதைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்: "இங்க சரின்னு யாரும் சொல்லக் கூடாது. செஞ்சு காட்டணும்."

கடைசியில் 'செய்து காட்டும் நாள்' என்று ஒன்று. ஏழு பாடங்களையும் ஒருவர் உதவியும் இல்லாமல் செய்து காட்டினால் கையெழுத்துப் போடுவார்கள். நான் ஐந்து முடித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. காலையில் ஓர் ஆசிரியை தள்ளுவண்டியில் புத்தகங்களோடு வார்டுக்கு வந்துவிடுவார். கட்டிலில் படுத்திருப்பதற்காகக் கணக்கிலிருந்து விடுதலை இல்லை. மகளிடம் ஒரு சிவப்பு அட்டையும் ஒரு பச்சை அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் கை கழுவ மறந்தாலோ வரிசையை மாற்றினாலோ அவள் சிவப்பைத் தூக்க வேண்டும். தன் கழுத்தைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம். பெரிய டாக்டருக்கே ஒருநாள் சிவப்பு விழுந்தது. திரும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

இன்னொன்று. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் அவள் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று சிஸ்டர் கேட்டதற்குப் பலகையில் எழுதிக் காட்டினாள்: 'டொக்டொக் பாட்டி'. கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா. அது நீங்கள்தான்.

பயிற்சிக் கையேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும்.

அன்புடன்,
மாடி வீட்டுப் பெண்


ஜூன் 19

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

கையேட்டை நான்கு முறை படித்தேன். பதினோராம் பக்கத்தில் மெல்லிய குழாயை உள்ளே விடு என்கிறது. எவ்வளவு தூரம் விடுவது என்பதைப் பதினாலாம் பக்கத்தில் சொல்கிறது. மூன்று பக்கம் புரட்டும்வரை குழந்தை என்ன செய்யும்? தேவையான பொருட்களின் பட்டியலில் கைவிளக்கு இல்லை. மின்சாரம் போனால் எதை வைத்துப் பார்ப்பது? இப்படி ஒன்பது குறைகள். தனித்தாளில் எழுதியிருக்கிறேன், சிஸ்டரிடம் கொடுக்கவும்.

சிறு வயதில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தேன். அங்கே மை சிந்தினால் நாள் முழுக்க நிற்கவைத்த ஒரு சிஸ்டர் இருந்தார். எழுபத்திரண்டு வயதில் மறுபடி ஒரு சிஸ்டரிடம் போய் நிற்க வேண்டுமென்று எழுதியிருக்கிறது போலும்.

ஒரு பாட்டிலின் மூடியில் துளை போட்டு, உறிஞ்சு குழலை விட்டுப் பழகிவருகிறேன். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும், மொத்தமும் பத்து எண்ணுவதற்குள் முடிய வேண்டும். எட்டில் முடிக்கிறேன்.

இருபத்தாறாம் தேதிக் காலை ரயிலில் வருகிறேன். எனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கமில்லை. பாடம் படித்துப் பழக்கம் உண்டு.

'பாட்டி' என்ற சொல்லுக்கு என் ஆட்சேபத்தை உங்கள் மகளிடம் தெரிவிக்கவும். 'டொக்டொக்' இருக்கலாம். அது நடந்த விஷயம்.

கீழ் வீடு


ஜூலை 6

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறியது தவறு. அதற்காக இந்தக் கடிதம்.

ஒன்பது நாள் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். ஆறு பாடங்களில் உங்கள் மகள் எனக்குப் பச்சை காட்டினாள். முதல் நாள் ஒரே ஒரு சிவப்பு, மோதிரத்தைக் கழற்றாமல் கை கழுவியதற்கு. நாற்பத்தாறு வருடம் கழற்றாத மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். அவள் செய்தது சரி.

ஏழாவது பாடம், சளி சேர்ந்த சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பது. சிஸ்டர் உங்களை வெளியே நிற்கச் சொன்னார். என்னை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, மாப்பிள்ளையிடம் சத்தம் வந்ததும் திரும்பி வந்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றார். நின்றேன். வெளியே ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குப் போனார். சந்தேகப்பட்டுத் திரும்பினேன். சிஸ்டர் ஒலிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மூணு தடவை போட்டேம்மா" என்றார்.

அவர் போடவில்லை என்று சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். இப்போதும் அதுவே என் கருத்து.

உங்கள் மகள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பைத் தூக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிவப்பைத் தூக்கியிருந்தால் நின்று வாதாடியிருப்பேன்.

இரண்டாவது ஆளாக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளவும்.

கீழ் வீடு


ஜூலை 9

அன்புள்ள அம்மாவுக்கு,

சிஸ்டர் மூன்று முறை போட்டார். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

எனக்கு முன்பே தெரியும், அம்மா. நாங்கள் குடிவந்த மூன்றாவது மாதம், உங்கள் அடுப்பில் குக்கர் விசில்மேல் விசில் அடித்தது. பதினொன்றுவரை எண்ணிவிட்டு ஓடி வந்தேன். அடுக்களை வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்பை அணைத்ததும், நன்றாக வேகட்டும் என்று விட்டிருந்தேன் என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களிடம் முகத்துக்கு நேராக நின்றுதான் பேசுகிறேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் உங்கள் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தேன். சிஸ்டர் பின்னாலிருந்து கேள்வி கேட்டபோதெல்லாம் உங்கள் முழங்கையைத் தொட்டேன். பொம்மை சத்தம் போட்டபோதெல்லாம் தொட்டேன். உங்களுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கு இரண்டாவது ஆள் வேண்டும், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகச் செய்தேன்.

நீங்கள் போன பிறகு சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "காது கேக்காதவங்களுக்கு இங்க சொல்லிக்கொடுத்திருக்கேன். கண்ணு தெரியாத ஒரு அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கேன். மறைக்கிறவங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது. நீயும் சேந்து மறைச்சிருக்க. உன் பொண்ணுக்கு மூச்சடைக்கும்போது நீ தூங்கிட்டிருந்தா, அவங்க முழங்கையை யார் தொடுவா?"

ஆனால் உங்களைத் தேறாதவர் என்று அவர் எழுதவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். திரும்பி வாருங்கள், அம்மா.

உங்கள்,
மாடி வீட்டுப் பெண்


ஜூலை 14

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

முழங்கையில் கை பட்டபோதெல்லாம் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். இந்த வயதில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித் தொட்டுப் பேசுகிறாளே என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். உதவி என்று தெரிந்திருந்தால் முதல் நாளே கையை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

நான்கு வருடமாக எல்லாம் தெரிந்துகொண்டு என் முகத்துக்கு நேராக நின்று பேசியிருக்கிறீர்கள். நான் நன்றாக நடிக்கிறேன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

மாடியை நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. இந்த விஷயமாக இனி எனக்கு எழுத வேண்டாம்.

கீழ் வீடு


ஜூலை 29

அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் எழுதவில்லை. ஆகஸ்ட் பதினைந்துவரை பார்த்துவிட்டு எங்களை விடுதிக்கு மாற்றப்போகிறார்கள் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். அங்கே நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். சன்னல் மட்டும் சின்னது.

இந்தத் தாள் வார்டுப் பள்ளியில் மகள் எழுதியது. கடிதம் எழுதும் பாடமாம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றதும் அப்பாவுக்குத்தான் எழுதுவாள் என்று நினைத்தேன். ஆசிரியை ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

"டொக்டொக்குக்கு. நலம். நீங்கள் நலமா. எனக்குப் பேச வராது. உங்களுக்குக் கேட்க வராது. அன்னிக்கு நீங்க திரும்பலை. நான் சிவப்பு தூக்கலை ஏன்னா நீங்க கை நல்லா கழுவினீங்க. வீட்டுக்கு வந்தா நான் மேலே ரெண்டு தட்டு தட்டுவேன். உங்க கட்டில் உங்ககிட்ட சொல்லும். கட்டிலைத் தள்ளிப் போடாதீங்க. இப்படிக்கு சில்வண்டு."

மாடி வீட்டுப் பெண்


ஆகஸ்ட் 6

மகளே,

இப்படி எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. 'மாடி வீட்டுப் பெண்ணுக்கு' என்று மூன்று தாள்களில் ஆரம்பித்து மூன்றையும் கிழித்துவிட்டேன்.

என் அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு சின்ன நீலப் பெட்டி ஆறு வருடமாகக் கிடந்தது. காதில் வைக்கும் கருவி. என் கணவர் வாங்கியது. அவர் நோயில் படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், என்னிடம் கேட்காமல் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். எனக்கு என்ன குறை என்று சண்டை போட்டேன். அவர் சண்டை போடத் தெரியாதவர். அன்றிலிருந்து சத்தமாகப் பேசிப் பார்த்தார். கடைசி மாதங்களில் அதற்கும் அவரிடம் பலம் இல்லை.

போவதற்கு முன் வாரத்தில் இரண்டு முறை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். பெட்டியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு முறையும் 'சரி' என்றேன். அவர் சமாதானம் அடைந்த மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். எதற்குச் சரி என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் சிஸ்டர் சுவரில் எழுதி வைத்திருக்கிறாரே, அந்த வரியை வகுப்பில் ஒன்பது நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கென்று எழுதியது மாதிரி இருந்தது. அதனால்தான் அன்று அவர்மேல் அவ்வளவு கோபம்.

உன் பெண் எழுதிய தாளைப் படித்ததும் பெட்டியை எடுத்தேன். கடையில் ஒரு பையன் கருவியைச் சுத்தம் செய்து, பேட்டரி போட்டு, என் காதுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தான். உலகம் இவ்வளவு இரைச்சலானது என்பதை மறந்தே போயிருந்தேன். என் செருப்பு சத்தம் போடுகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடக்குகிற மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறதே, அதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை? ஆனாலும் முழுமையாகக் கேட்கிறது என்று சொல்ல மாட்டேன். மெல்லிய சத்தங்கள் தப்பித்துப் போகின்றன. இதை மறைக்காமல் எழுதுகிறேன், சிஸ்டரிடம் காட்டு.

பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மறுதேர்வு உண்டா என்று மட்டும் கேட்டு வை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன். அந்த அறையில் அவ்வளவு பேர் முன்னால் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லியிருக்கிறேன். அதே அறையில், அதே பேர் முன்னால், திருத்திச் சொல்ல வேண்டும்.

நீ என் பக்கத்தில் உட்காரக் கூடாது. வெளியே நில்.

கட்டிலைத் தள்ளிப் போடவில்லை என்று சில்வண்டிடம் சொல்.

கீழ் வீட்டு அம்மா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள். கிளம்பும் அவசரத்தில் பேச முடியாததை எழுதுகிறேன். உங்களுக்கும் எழுத்தில் இருந்தால்தானே பிடிக்கும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது பேருந்து ஓட்டுநர் அழுதுவிட்டார். நீங்கள் பார்க்கவில்லை. அவர் அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் பட்டையைக் கை நடுங்காமல் கட்டி முடித்திருந்தார். இரண்டும் சேர்ந்துகொண்டது.

சிஸ்டர் உங்கள் கையைப் பிடித்து மகளின் முதுகில் வைத்தாரே, அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். "காது தப்பவிட்டதை கை சொல்லும். சளி சேர்ந்தா உள்ளங்கையில கரகரன்னு தெரியும். இப்ப தெரியுதா?" என்றார். நீங்கள் வழக்கம்போல உடனே பதில் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றீர்கள். பிறகு, "இல்லை, தெரியலை" என்றீர்கள்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகளின் குழாயில் அப்போதுதான் சளி எடுத்திருந்தோம், அங்கே தெரிவதற்கு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் 'சரி, தெரிகிறது' என்று சொல்லியிருந்தால் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருக்க மாட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். கால் மணி கழித்து நீங்களே "இப்ப வந்துடுச்சு" என்று எழுந்தபோது, எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை. உங்கள் கை என் காதை முந்திவிட்டது. எங்கே பழகினீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். நீங்கள், கட்டில் காலில் என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. சில்வண்டுக்குப் புரிந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சத்தமில்லாமல்தான்.

நேற்று ஒரு நாள் முழுக்க 'வீட்டு அறை'யில் இருந்தோம். வார்டுக்கு அடுத்தே ஒரு சின்னப் படுக்கையறை, அலமாரி, அடுப்பு. சிஸ்டர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் இருப்பதுபோல் எல்லாம் நாமே செய்ய வேண்டும். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மகளுக்கும் வந்துவிட்டது. சிவப்பு அட்டையை விசிறியாக வைத்துக்கொள்ளும்படி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

மின்சாரம் போனால் கையால் மிதித்து இயக்கும் சளி மெஷின் ஒன்றும், மூச்சு குறைந்தால் விளக்கு மின்னிப் படுக்கையை அதிரவைக்கும் கருவி ஒன்றும் உங்கள் கட்டிலுக்கென்று கொடுத்திருக்கிறார்கள். காலால் மிதிப்பது என்று எழுத வந்தேன், அவசரத்தில் கையை எழுதிவிட்டேன். சிவப்பு அட்டை போடுங்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்த ஒன்பது குறைகளில் ஏழினை ஏற்றுக்கொண்டு கையேட்டைத் திருத்துகிறார்கள். கைவிளக்கு பட்டியலில் முதலாவதாக வந்துவிட்டது. மீதி இரண்டைப் பற்றிச் சிஸ்டர் உங்களோடு நேரில் வாதாட ஆசைப்படுகிறார்.

முப்பதாம் தேதி மாலை வருகிறோம்.

உங்கள் மகள்


மார்ச் 11

மாடி வீட்டாருக்கு,

பொருள்: சத்தம் தொடர்பாக.

கதவிடுக்கில் இதைச் செருகிவிட்டுப் போகிறேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஆதாரம் இருக்காது.

நேற்று மருத்துவமனையிலிருந்து நீங்கள் திரும்பியபோது நான் தூங்கிப்போயிருந்தேன். மூச்சு வழி போதுமான அளவு விரிந்துவிட்டதென்றும், காற்று குரல் இருக்கும் இடம்வரை ஏறக் குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி பொருத்தியிருக்கிறார்கள் என்றும் கப்பல்காரர் இன்று காலை வாசலில் சொன்னார். ஒரு சொல் விடாமல் கேட்டது. குரல் வரப் பல நாள் ஆகலாம், அவசரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். ஆகவே நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மகள் கூடத்தில் ஓடினாள். கட்டில் சொன்னது. ஆறு மாதமாக நடப்பதுபோல் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் காலால் இரண்டு தட்டுவாள், நான் படுத்துக்கொள்வேன். அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு.

இன்று காலால் பதில் வரவில்லை. நான் காத்திருந்தேன். கருவியைக் காதில் சரிசெய்துகொண்டு, கம்பைப் பிடித்தபடி கட்டிலின்மேல் ஏறி நின்றேன். எழுபத்து மூன்று வயதில் இது தேவையா என்று கேட்காதே.

மேலேயிருந்து, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல், "என்ன?" என்றது.

எனக்கு முதலில் புரியவில்லை. புரியாதபோது சரி என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆகவே கம்பால் இன்னும் இரண்டு தட்டினேன், திரும்பச் சொல் என்று. அந்தக் குரல் கொஞ்சம் கோபமாக, "என்ன டொக்டொக்?" என்றது.

மேற்படி சத்தம் மதியம் இரண்டு மணிக்கு, ஓய்வு நேரத்தில் எழுந்தது. அது நாளையும் அதே நேரத்தில் தொடர வேண்டும் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

டொக்டொக் பாட்டி